கொல்கத்தாவில் நிற்கும் காரை கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து வாங்காதீர்கள்

பழைய காருக்கு எங்கள் ஊர் சொர்க்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லாம் பேருக்குத்தான் கேரளம். தமிழ் பேசுகிற, மழை மறைவில் கிடக்கிற காய்ந்த பூமி. கொச்சிக் காற்றில் சீக்கிரம் அரிக்கிற தகரம் இங்கே தாக்குப்பிடிக்கும். லேத் வேலையா, ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர். பிஸ்டனோ புஷ்ஷோ கிடைக்காவிட்டால் அங்கே கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறது. தென்னந்தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கிற வீடு இந்தப் பக்கம் ஆச்சரியமில்லை.

சிக்கல் என்னவென்றால், நல்ல ஸ்போர்ட்ஸ் கார் இங்கே விற்பனைக்கு வராது. எம்.ஜி., ட்ரையம்ஃப் மாதிரி இங்கிலாந்தின் இரண்டு சீட் வண்டிகள் அந்தக் காலத்துத் துறைமுக நகரங்களுக்கு வந்தவை. கொல்கத்தாவிலோ மும்பையிலோ யாரோ ஒருவர் செல்போனில் பத்துப் படம் அனுப்புவார். அதிலிருந்து நமக்குத் தூக்கம் போய்விடும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நான் செய்தவை, மீதி என் கண் முன்னே அடுத்தவர் செய்தவை.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1968-ல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், கொல்கத்தாப் பதிவு. ஸ்பிட்ஃபயருக்கு முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். விற்பவர் முதலில் அனுப்பியதே அந்த வீடியோதான். அதைப் பார்த்து விழாதவன் கார்க்காரனே இல்லை. “பேப்பர் எல்லாம் கிளியர்” என்றார். ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த பக்கங்களை நான் கேட்கவில்லை.

லாரியில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து வாளையாறு தாண்டி வண்டி இறங்கியது. ஊரே வந்து பார்த்தது. மறுவாரம் பேப்பரை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் புத்தகத்தைப் புரட்டி நடுப் பக்கத்தில் விரலை வைத்தார். “சேட்டா, இது லாப்ஸ் ஆணல்லோ.” பதிவு காலாவதியாகி வருடக் கணக்காயிருந்தது.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியை நேரில் காட்ட வேண்டும். பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்கு, வேறு மாநிலம் கொண்டுபோக வேண்டிய தடையில்லாச் சான்று கிடைக்காது. என்.ஓ.சி. என்று எல்லோரும் சொல்கிற படிவம் 28 அதுதான். புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைக் காட்டுங்கள் என்று பதிந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். வண்டியோ என் தோப்பில். வந்த வழியே திரும்ப லாரி ஏற்றினேன். இரண்டாவது வாடகையைக் கொடுக்கும்போது என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். பதிவுப் புதுப்பிப்பு, பிறகு என்.ஓ.சி., பிறகு முழுப் பணம், கடைசியில் லாரி. புதுப்பிப்பது விற்பவர் பொறுப்பு என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ‘நீங்களே பாத்துக்கோங்க, அதான் ரேட்டைக் குறைச்சிருக்கேன்’ என்று அவர் சொன்னால், குறைத்த தொகையைவிட அலைச்சல் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் கட்டணமும் பழைய மாதிரி இல்லை. 2022 ஏப்ரலிலேயே காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் என்று ஏற்றினார்கள். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் இன்னும் கூட்டினார்கள். எம்.ஜி.யும் ட்ரையம்ஃபும் கப்பலில் வந்தவை, மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு சின்ன முள் உண்டு. கைப்பட எழுதிய காலத்து ஆர்.சி. புத்தகங்கள் பல இன்னும் ‘வாஹன்’ கணினிப் பதிவில் ஏறவில்லை. ஏற்றாமல் பெயர் மாற்றம் ஒரு அடி நகராது. ‘பேக்லாக் என்ட்ரி’ என்று அந்த ஆபீஸ்களில் சொல்வார்கள். வண்டி எண்ணைப் போட்டு நீங்களே செல்போனில் தேடிப் பாருங்கள். விவரம் வரவில்லையென்றால், அதையும் விற்பவரே முடித்துத் தரட்டும்.

எந்த ஆபீஸ் பேருக்கு?

இது எல்லைக்காரர்களுக்கே உரிய தவறு. நமக்கு அக்கா பொள்ளாச்சியில், மாமனார் வீடு ஆனைமலையில், வீடு கொழிஞ்சாம்பாறையில். எந்தப் பக்கம் வரி குறைவு, எந்தப் பக்கம் ஆள் தெரியும் என்று கணக்குப் போட்டு என்.ஓ.சி.யை அந்தப் பக்கத்து ஆபீஸ் பேருக்கு வாங்குகிறோம். எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படித்தான் அக்கா வீட்டு விலாசத்தில் பொள்ளாச்சிக்கு வாங்கினார். வண்டி நின்றது, ஓடியது எல்லாம் இங்கே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில். ஒரு மாநில எண்ணுள்ள வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. மனிதர் மறுபடியும் பொள்ளாச்சிக்குப் போய், மறுபடியும் என்.ஓ.சி. வாங்கி, மறுபடியும் வரி கட்டினார். என்.ஓ.சி.யில் எந்த ஆபீஸ் பெயர் எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது செல்லும். வண்டி எங்கே உறங்கப் போகிறதோ அந்த ஊர் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய காரில் பெரும்பாலும் இராது. ‘அப்பா வண்டிங்க, அவர் தவறி இருபது வருஷமாச்சு’ என்பார்கள். அப்படியானால் வாரிசுச் சான்றோடு படிவம் 31 போட்டு முதலில் மகன் பேருக்கு மாற்றட்டும். கையெழுத்து மட்டும் போட்டு மற்றதெல்லாம் வெறுமையாக விட்ட படிவம் 29, 30-ஐப் புரோக்கர் நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது சேஸிஸ் எண். படம் போதாது. எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி வேண்டும், அதை நீங்கள் அனுப்பிய ஆளே எடுக்க வேண்டும். கைப்பட எழுதிய ஆர்.சி.யில் 1-ம் 7-ம் மாறிப் போயிருக்கும். அது திருத்தக்கூடிய தவறு. தகட்டைச் சுற்றிப் புதிய வெல்டிங் தெரிந்தால் அது வேறு கதை. அந்தக் கதைக்குள் நாம் போக வேண்டாம்.

இறக்குமதி வண்டியில் சுங்க வரி கட்டிய தாளையும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்று பெயர் வைத்து ஒரு சோதனை நடத்தியது. பூடானிலிருந்து கள்ளத்தனமாக வந்து, போலித் தாளில் வேறு மாநிலங்களில் பதிவான வண்டிகளைத் தேடினார்கள். வாங்கியவர் பெரிய மனிதரா, சின்ன மனிதரா என்று பார்க்கவில்லை. பதிவு இருக்கிறது என்பதாலேயே வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது.

படம் பொய் சொல்லாது, பாதியை மறைக்கும்

தகரத்துக்கு வருவோம். ஸ்பிட்ஃபயருக்கு அடிப்படை, நம் சென்னையிலும் கட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சேஸிஸ். ஆனால் ஹெரால்டில் சேஸிஸின் இரு ஓரத்திலும் பாடியைத் தாங்கத் துணைச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அதை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பெட்டியை நம்பினார்கள். அந்த சில் அரித்தால் கார் நடுவில் தொய்யும். கண்ணால் பார்க்கத் தெரியாது, மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பரிசோதனை சுலபம். கதவை மூடிவிட்டு ஜாக்கியால் ஒரு பக்கம் தூக்குங்கள். கதவு இடுக்கு அகலமோ குறுகலோ ஆனால், கதவு திறக்க முரண்டு பிடித்தால், விலையில் பாதியை வெல்டிங்குக்கு ஒதுக்குங்கள். மென்மையான துணியில் சுற்றிய காந்தத்தை சில், மட்கார்டு அடி, தரை என்று ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. (கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் காரில் ஒருவர் காந்தம் வைத்துவிட்டு ‘முழுக்கப் பட்டி’ என்று அலறினார். அதற்குப் பாடியே ஃபைபர்.)

எம்.ஜி. டி.சி. வேறு வகை. 1945 முதல் 1949 வரை செய்த அந்தக் காரில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம். கடலோர ஊரில் எழுபது மழைக்காலம் பார்த்த மரம் எப்படி இருக்கும்? கதவைப் பாதி திறந்து, மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். கீல் மட்டும் ஆடினால் சரி. கதவு மாட்டிய கம்பமே ஆடினால் உள்ளே மரம் மாவாகிவிட்டது. அந்த இன்ஜினில் போல்ட்டின் மறை மெட்ரிக் அளவு, தலை இங்கிலாந்தின் விட்வொர்த் அளவு. நம் கடை ஸ்பேனரைப் போட்டு யாரோ தலையை உருட்டி வைத்திருந்தால், வண்டி எப்படிப்பட்ட கையில் இருந்தது என்று தெரிந்துவிடும். பேட்டரியையும் பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். தெரியாமல் மாற்றிப் போட்டு டைனமோவைக் கெடுத்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் வீடியோ காலில் பார்க்க முடியாது. நீங்கள் போங்கள், அல்லது ஆளை அனுப்புங்கள். என் இரண்டாவது காருக்கு எங்கள் மெக்கானிக் ஆசானை ரயிலேற்றினேன். டிக்கெட், இரண்டு நாள் கூலி, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் ஒரு வழி லாரி வாடகையின் பக்கத்தில்கூட வரவில்லை. போன மனிதர் மாலையில் கூப்பிட்டு, “தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அந்த வண்டி இல்ல” என்றார். இன்ஜின் ஏதோ ஒரு ஃபியட்டுடையது. வாங்கவில்லை. வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்ஜின் மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கவும் வேண்டும்.

ஆள் போகும்போது விற்பவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மூடிவிடும். போனதும் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது எடுத்தால்தான் நீலப் புகையா, விடாத வெள்ளைப் புகையா என்று தெரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

‘பாக்கி சாமான் எல்லாம் மூட்டையில இருக்கு’ என்பதை நம்பாதீர்கள். மூட்டையைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் செய்த கார். இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைக்கலாம், சுங்கவரிதான் வலிக்கும். சான் ஸ்டார்முக்கு இன்ஜின் ரெனோவுடையது என்பதால் அது சமாளிக்கலாம். பாடியோ கண்ணாடியோ உடைந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

பணம் பற்றி நீட்ட வேண்டாம். ‘நான் பட்டாளத்தில் இருக்கேன், அவசர டிரான்ஸ்பர், முன்பணம் போட்டா வண்டியைப் பிடிச்சு வைக்கிறேன்’ என்பது ஏமாற்று. ரசீது இல்லாமல் அட்வான்ஸ் இல்லை. ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, விற்பவர் கேட்டாலும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

50 ஆண்டு தாண்டிய காருக்கு 2021 ஜூலை விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ எழுத்தோடு எண், 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஏற்கனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அது ஒரு கௌரவம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல், பழுதுபார்ப்பு தவிர வேறு எதற்கும் ரோட்டில் இறக்கக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரு ஞாயிறு காலையில் ஓட்டிப் போக ஆசை இருக்கிறவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

கடைசியாக, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண் பாருங்கள். 2308 என்றால் 2008-ன் 23-வது வாரம். பூ தேயாமல் பளபளவென்று இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்பு டயாஃப்ரமும் அதில் ஊறி உப்பும், கசியும். பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்றிய பிறகுதான் டேங்கை நிரப்ப வேண்டும். லாரியில் ஏற்றும்போது மூடிய கன்டெய்னராகவும், வின்ச் வைத்து இழுக்கிறதாகவும் கேளுங்கள், ஸ்பிட்ஃபயரின் வயிறு சரிவுப் பலகையில் தட்டும். பேட்டரி வயரைக் கழற்றி, ஏற்றும் முன் நான்கு பக்கமும் அடியிலும் படம் எடுத்து, வழிப்பயணக் காப்பீட்டுத் தாளில் வண்டி எண்ணும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிரைவரிடம் சாவியைக் கொடுங்கள். இறங்குமிடம் உங்கள் தோப்பாக இருக்கட்டும், நெடுஞ்சாலை ஓரமாக வேண்டாம். எங்கள் வண்டி வாளையாறு டோல் பக்கத்தில் இருட்டில் இறங்கியது. வலது மட்கார்டில் அன்றைக்கு விழுந்த நெளிவு இன்றைக்கும் இருக்கிறது.