கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்: டிராக் காரை இழுக்க வண்டி வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கலிபோர்னியாவின் பட்டன்வில்லோ ரேஸ் டிராக்கில் காலை ஆறரை மணிக்கு ஒரு தம்பி வந்து இறங்கினார். புது பிக்கப் டிரக், புது டிரெய்லர், மேலே பளபளவென்று கார். இறங்கியதும் போனை நீட்டினார்.

“அண்ணா, 11,200 பவுண்டு இழுக்கும்ணா. காரும் டிரெய்லரும் சேர்ந்தே 6,000 தாண்டாது. பாதிக்குப் பாதி மிச்சம்!”

நான் போனைப் பார்க்கவில்லை, டிரக்கைப் பார்த்தேன். பின் பம்பர் தரையை நோக்கிக் குந்தியிருந்தது. முகப்பு விளக்கு எதிரே இருந்த மரத்தின் உச்சியில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடம் முன்னால் என் டிரக் இதே இடத்தில் இதே கோலத்தில் நின்றது. வயிறு எரிந்தது.

சேஃப்டி செயினைக் குறுக்காக மாட்டுங்கள், விளக்கு எரிகிறதா பாருங்கள், காரை நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்குங்கள் என்பதையெல்லாம் டிரெய்லர் வாடகைக்குக் கொடுப்பவரே சொல்லிவிடுவார். நான் சொல்லப்போவது கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்குவதற்கு முன்னால் நடக்கிற தவறுகளை.

காரை மட்டும் எடை போடுவது

“என்னுடையது மியாட்டாதானே, 2,200 பவுண்டு. 3,500 இழுக்கிற மினிவேன் போதாதா?” இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வரும். மாஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டா, முதல் தலைமுறை என்றால், சுமார் 2,200தான், சரி. யூ-ஹாலில் வாடகைக்குக் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்போர்ட் டிரெய்லர் வெறுமனே 2,210 பவுண்டு. டயர் ஒன்றுகூட ஏற்றாமலே 4,400 ஆகிவிட்டது. அலுமினிய டிரெய்லர் சொந்தமாக வாங்கினால் சில நூறு பவுண்டு குறையும். மூடிய டிரெய்லர் ஆசை இருந்தால் 24 அடிக்கு வெறும் எடையே 4,000 பவுண்டை ஒட்டி வரும். கூடவே எதிர்க்காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகிற வேலையும் வண்டிக்குச் சேரும்.

இழுக்கும் எண்ணைப் பார்த்து, சுமக்கும் எண்ணைப் பார்க்காமல் விடுவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது. எட்டாயிரம் டாலருக்கு மேல் நஷ்டம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை. எவ்வளவு சுமக்கும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கரில் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரே ஒரு வரி. அதுதான் பேலோடு. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சடித்த எண் அது. அதே மாடலின் அடுத்த வண்டிக்கு வேறு எண் இருக்கலாம்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதன் மூக்கு வழியாக டிரக்கின் பின்புறத்தை அழுத்த வேண்டும். இங்கே இதை டங் வெயிட் என்பார்கள். ஊரில் தாத்தா தேங்காய் வண்டிக்குப் பாரம் ஏற்றும்போது ‘முன்பாரம்’ என்று சொல்வார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும்; பின்பாரமானால் நுகத்தடி கழுத்தை விட்டு மேலே எழும்பும். இங்கேயும் அதே கதைதான். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டும். அதனால் குறைக்கவும் முடியாது. பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அந்த முன்பாரம் முழுக்க பேலோடு கணக்கில்தான் சேரும்.

என் டிரக் அரை டன் ரகம் (பிக்கப்களின் ரகப் பெயர்தான், உண்மையான சுமைக் கணக்கு இல்லை; முக்கால் டன் அதற்கு அடுத்த பெரிய ரகம்). தோல் சீட், கண்ணாடிக் கூரை, 20 அங்குல வீல், குளிர்காற்று வரும் இருக்கை. விற்பனையாளர் “இது வீட்டையே இழுக்கும்” என்றார். இழுக்கும்தான். ஆனால் அந்தச் சொகுசெல்லாம் எடை. வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை மாறாது என்பதால் ஏற்றுகிற ஒவ்வொரு சொகுசும் பேலோடிலிருந்து கழிகிறது. என் ஸ்டிக்கரில் இருந்தது 1,240. அடிமட்ட ரகத்தில், ரப்பர் தரையும் துணி சீட்டுமாக நின்ற அதே மாடல் இன்னும் பல நூறு பவுண்டு கூடுதலாகச் சுமந்திருக்கும். அதை ஏளனமாகப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

இப்போது கணக்கு. ரேஸுக்கான பாதுகாப்புக் கூண்டு போட்டு, பின் சீட்டைக் கழற்றிய பிறகும் என் பிஎம்டபிள்யூ இ46 எம்3 3,200 பவுண்டு. இரும்பு டிரெய்லர் 2,100. அதன் முன்பெட்டியில் சாமான் 500. ஆக 5,800. முன்பாரம் 760. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 90. நான், மனைவி, பையன் மூவரும் 400. இதுவே 1,250! டிரக்கின் பின்தட்டில் ஒரு பொருளும் வைக்காமலே 10 பவுண்டு மீறியாயிற்று. அப்புறம்தான் வீலோடு நாலு டயர் 180, ஜாக்கும் டூல்பாக்ஸும் 150, இரண்டு பெட்ரோல் கேன் 65, பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி 110. கூட்டினால் 1,755. ஐந்நூறு பவுண்டுக்கு மேல் அதிகம். அந்தக் கதவை தினமும் நாலு தடவை திறந்து மூடினேன். ஒருநாள்கூடக் குனிந்து வாசிக்கவில்லை.

தெரிய வந்த விதம் நன்றாக இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஐ-5 சாலையில் வடக்கே போனால் 4,100 அடி உயரத்துக்கு மேல் ஏறி டெஹோன் கணவாயைத் தாண்டி, கிரேப்வைன் சரிவில் இறங்க வேண்டும். மைல் கணக்கில் 6 சதவீத இறக்கம். பின்புறம் அமுங்கியதால் முன் சக்கரத்தில் பாரம் இல்லை. ஸ்டியரிங் மோரில் மத்தைச் சுற்றுவதுபோல் பிடிமானமில்லாமல் சுற்றியது. ஒரு பெரிய லாரி உரசுவதுபோல் கடந்துபோக, அதன் காற்றில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. கண்ணாடியில் இடது பக்கம் என் கார் தெரிகிறது, அடுத்த நொடி வலது பக்கம் தெரிகிறது. பிரேக்கை மிதிக்கத் துடித்த காலைப் பிடித்து வைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் இருந்த பிரேக் கன்ட்ரோலரின் நெம்புகோலைக் கையால் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டேன். ஆட்டம் நின்றது. பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடிவாரத்தில் லாரிகள் நிற்குமிடத்தில் இருந்த, லாரிகளை எடை போடும் கேட் (CAT) ஸ்கேலில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் முழு விவரம் புரிந்தது. அதை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். டிரக்கின் முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்த தட்டில், டிரெய்லர் மூன்றாவதில். ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு, ஆட்கள், சாமான் எதையும் இறக்காமல் டிரக்கை மட்டும் எடை போடுங்கள். டிரக்கின் எடை இரண்டு சீட்டிலும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதுதான் முன்பாரம் (பாரத்தைப் பிரித்துத் தள்ளும் ரக ஹிட்ச் போட்டிருந்தால், முதல் எடையின்போது அதன் கம்பிகளைத் தளர்த்தியிருக்க வேண்டும்). ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும் என்பதும் அதே கதவுத் தூணில் எழுதியிருக்கும். என் பின் அச்சு எல்லை மீறியிருந்தது. முன் அச்சு வெறும் டிரக்கில் இருந்ததைவிட லேசாகியிருந்தது.

“அப்போ கம்பெனி பொய் சொல்லுதாண்ணா?” என்று தம்பி கேட்டார். பொய் இல்லை. இழுக்கும் எண்ணை நிர்ணயிக்க எஸ்ஏஈ ஜே2807 என்று ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுக்க ஓடவிட்டு ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் கணக்கு வைப்பது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டு பேரை. அந்த ஒல்லியான இருவருக்குக் குழந்தை இல்லை, மாற்று டயர் இல்லை, ஜாக் இல்லை, புளிசாதம் கட்டிய ஐஸ் பெட்டியும் இல்லை.

“வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். நானும் போட்டிருந்தேன், மேலே சொன்ன 90 பவுண்டு அதுதான். பின் அச்சின் பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். நல்ல பொருள். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அது கூட்டாது. ஏர் ஸ்பிரிங்கும் அப்படித்தான். குந்தலை மறைக்கும், அவ்வளவே.

பதினான்கு மாதத்தில் அந்த டிரக்கை விற்றேன். இப்போது இருப்பது முக்கால் டன், பழையது, துணி சீட், பெட்ரோல் இன்ஜின். டீசல் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒன்று: டீசல் இன்ஜினே பல நூறு பவுண்டு அதிக எடை. சில முக்கால் டன் டீசல்களின் ஸ்டிக்கரில் 2,000 சொச்சம்தான் இருக்கிறது. அதையும் குனிந்து வாசித்துவிட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய எஸ்யூவியின் எண்ணை அமெரிக்கக் கணக்கில் படிப்பது

டுவாரெக், கயென் இரண்டும் 7,716 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கும். அதாவது 3,500 கிலோ. டுவாரெக்கின் முன்பார எல்லை 617 பவுண்டு, வெறும் 8 சதவீதம். இங்குள்ள டிரெய்லருக்கு 10 சதவீதம் வேண்டும் என்றால் 6,170 பவுண்டோடு அதன் கதை முடிந்தது. நல்ல வண்டிதான், ஓட்ட அவ்வளவு சுகம். ஆனால் கணக்கு 6,170-லிருந்துதான் தொடங்க வேண்டும்.

குட்டை வண்டி

நீள டிரெய்லர் குட்டை வண்டியை ஆட்டும். இரண்டு கதவு ஜீப் வேண்டாம்.

பிரேக்கை மறப்பது

குதிரைசக்தி பற்றி அரை மணி நேரம் பேசுபவர்கள் கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கலிபோர்னியாவில் 3,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். அது மின்சார பிரேக் என்றால், வாங்கப்போகும் வண்டியின் பின்னால் விளக்குக்கு மட்டுமான நான்கு முனை பிளக் இருந்தால் பயனில்லை. ஏழு முனை பிளக் வேண்டும். நீங்கள் மிதிக்கிற அளவுக்கேற்ப டிரெய்லரையும் பிடிக்கிற கன்ட்ரோலர் வேண்டும். மிதித்ததும் குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஏறுகிற மலிவான ரகத்தை ஒருமுறை போட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது.

சமதளத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

ஷோரூமைச் சுற்றி ஓட்டினால் எல்லாமே இழுக்கும். ஆகஸ்டில் திரும்பி வரும்போது கிரேப்வைனில் தெற்கு நோக்கி ஏற வேண்டும். வெளியே நூறு டிகிரிக்கு மேல், இன்ஜின் சூடாகாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லி சாலையோரத்தில் பலகை. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கியர்பாக்ஸுக்குத் தனி கூலர் இருக்கிறதா, அதன் சூட்டைக் காட்டும் மானி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மின்சார டிரக்

இழுக்கும்போது ஒரு சார்ஜில் போகிற தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜ் போட டிரெய்லரைக் கழற்றி வைக்க இடம் தேட வேண்டும்.

டிரெய்லர் டயர்

எஸ்டி (ST, ஸ்பெஷல் டிரெய்லர்) என்று போட்டிருக்க வேண்டும். பூ தேயாவிட்டாலும் வயதைப் பாருங்கள்.

வேகம்

டிரெய்லர் இழுத்தால் கலிபோர்னியாவில் சட்டப்படி 55 மைல்.

அந்தத் தம்பி அன்று கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தில் குனிந்து வாசித்தார். 1,310. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பின்தட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு ஜெனரேட்டர், எட்டு டயர், தூங்கி வழிந்துகொண்டு இரண்டு நண்பர்கள்.

“அண்ணா, இவனுங்களை பஸ்ல அனுப்பிட்டா?”

நான் பேனாவை எடுத்தேன். பஸ்ஸில் அனுப்பியும் 85 பவுண்டு இடித்தது.