கறிக்கோழியில் டெட்ராசைக்ளின் தேடும்போது

டெட்ராசைக்ளின் கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து. அது கறியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, மதுரை நெல்பேட்டையில் கறி வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. "அண்ணே, தோலை உரிச்சுக் கழுவாமக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஏறிய கறியை எடை போட்டால் மருந்தின் அளவைக் குறைத்துத்தான் காட்டும். நெஞ்சுக்கறி தனி, ஈரல் தனி. ஐஸ் பெட்டியில் லேபுக்குக் கொண்டுவந்து, அரைத்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

அரைத்ததில் 2 கிராம், பிளாஸ்டிக் சென்ட்ரிஃப்யூஜ் குழாயில். கண்ணாடி வேண்டாம், டெட்ராசைக்ளின் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சமும் ஆகாது, ஃபாயில் சுற்றிவிடுங்கள்.

அடுத்து மெக்கில்வைன் பஃபர்: சிட்ரிக் அமிலமும் சோடியம் பாஸ்பேட்டும் கலந்து, பிஎச் 4. அதில் ஈடிடிஏ (உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கட்டாயம். இந்த மருந்து கறியிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அந்த உலோகங்களை ஈடிடிஏ தன்பக்கம் இழுத்துக்கொண்டால்தான் மருந்து கரைசலுக்கு வரும். 10 மில்லி ஊற்றி, 10 நிமிடம் குலுக்கி, குளிரவைத்த சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். அடியில் தங்கும் சக்கைக்கு மறுபடி பஃபர் ஊற்றி இன்னொரு முறை எடுங்கள். ஈரல் என்றால் மேலே மிதக்கும் கொழுப்பை ஹெக்சேன் விட்டு நீக்குங்கள்.

எச்எல்பி கார்ட்ரிட்ஜை (மருந்தைப் பிடித்துவைக்கும் சின்ன வடிகட்டிக் குழாய்) மெத்தனால், பிறகு தண்ணீர் விட்டு நனைத்து, சாற்றை ஏற்றுங்கள். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதுபோல் சொட்டணும். அவசரப்பட்டு வேக்குவத்தைக் கூட்டினால் மருந்து கார்ட்ரிட்ஜில் நிற்காமல் கழிவோடு போய்விடும். 5 சதவீத மெத்தனாலில் கழுவி, சுத்த மெத்தனாலில் இறக்கி, 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி வற்றவைத்து, 1 மில்லியில் கரைத்து, வடிகட்டி, மருந்தைப் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ் மெஷினில் போடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் மருந்தில்லாத கறி ஒன்றும் கூடவே ஓடணும். நான் உசிலம்பட்டிப் பக்கம் அத்தை வீட்டு நாட்டுக்கோழியை எடுப்பேன், அதையும் சோதித்த பிறகுதான். சீக்கு வந்தால் நாட்டுக்கோழிக்கும் தண்ணீரில் மருந்து கலக்குகிறவர்கள் உண்டு! அந்தக் கறி 2 கிராமில், மில்லிக்கு 1 மைக்ரோகிராம் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த மருந்துக் கரைசல்) 0.2 மில்லி விட்டால் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கணக்கு. கால் மணி நேரம் ஊறவிட்டுப் பஃபர் ஊற்றுங்கள். விட்ட மருந்தில் 70 சதவீதம்கூடத் திரும்பி வராவிட்டால் மெஷினைத் திட்டாதீர்கள், ஈடிடிஏவையும் கார்ட்ரிட்ஜையும் பாருங்கள்.

ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு, தசைக்கு 100, ஈரலுக்கு 300 மைக்ரோகிராம். இதே குடும்பத்து ஆக்சிடெட்ராசைக்ளின் என்றால் அதன் 4-எபிமரையும் (அதே மருந்தின் சற்றே மாறிய வடிவம்) கூட்டித்தான் ஒப்பிடணும். குளோராம்பெனிகால் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கும் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு சாறு எடுக்கணும். ரிப்போர்ட் போனபின் மிச்சக் கறியைத் தூக்கிப் போடாதீர்கள்; பண்ணைக்காரர் மறுசோதனை கேட்டு வருவார்.