புது சிமெண்ட் தொட்டியில் காரம் போக்கிய கதை

பொள்ளாச்சி வீட்டுத் தோட்டத்தில் கான்கிரீட் மீன் தொட்டி கட்டி, கியூரிங் (சிமெண்ட் இறுக ஈரமாக வைத்திருப்பது) முடிந்து தண்ணீர் விட்டதும், தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 10-ஐத் தாண்டி நின்றது. சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்புதான் காரணம், மீனை விட்டால் செவுள் வெந்துவிடும். "குலை வெட்டுன வாழை மரத்தைத் துண்டு போட்டு ஊறவிடுங்க, காரமெல்லாம் போயிருமுங்க" என்றார் கொத்தனார். இங்கே வாழைக்கா பஞ்சம்? நாற்றமெடுக்கும் வரை ஊறவிட்டு இறைத்தேன், பாதிதான் குறைந்தது. அப்புறம் சுவரை வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நிரப்பி, இறைத்து, மறுபடி நிரப்பி, பிஎச் 8-ஐ ஒட்டி வந்து சில நாள் அப்படியே நிற்கிறதா என்று பார்த்தேன். சுண்ணாம்பு கரைந்து வர நாளாகும், நிரப்பின அன்றைக்கே அளந்தால் சரியாகத்தான் காட்டும், நம்பக்கூடாது. முதலில் கொஞ்சம் கப்பி மீன் விட்டேன், கோய் மீனெல்லாம் பிறகுதான்.