மலாக்காவுக்கு இருவராகப் போய்வர: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மலாக்காவில் இருக்கலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் அதை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். பேருந்தை விட்டு இறங்கி, டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்து, கொளுத்தும் வெயிலில் இரண்டு தெரு நடந்து, சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கணவன் மனைவி இருவரும் இரண்டு இரவு தங்குங்கள். காலையிலும் மாலையிலும் நடங்கள், நடுப்பகலை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். விடிந்த பிறகு வரும் ஒரு மணி நேரமும், வெயில் சாய்ந்த பிறகு வரும் இரண்டு மணி நேரமும்தான் அந்த ஊருக்கே அழகு. இந்த விளக்கம் முழுவதும் அதை வைத்துத்தான்.

படி 1: முதலில் கிழமை, அப்புறம் தேதி

ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் நடக்கும். வெள்ளி மாலையிலும் சனி காலையிலும் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தில் பாதிச் சிங்கப்பூர் வரிசையில் நிற்கும். ஜூன் விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வியாழன் காலை கிளம்பி, சனிக்கிழமை மதியம் திரும்புங்கள். வெள்ளி இரவுச் சந்தையும் கிடைக்கும், கூட்டம் ஜொகூர் பக்கம் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் வீட்டுக்கு வருவீர்கள். இருவரும் இரண்டு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். எடுங்கள், அதற்குத் தகும்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டாத தம்பதிகளுக்கு ஜூன் கடைசி வாரத்தைச் சொல்வேன். மலாக்காவின் உஜோங் பாசிரில் ஒரு போர்த்துகீசியக் குடியிருப்பு இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த போர்த்துகீசியர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். கிறிஸ்தாங் என்ற சொந்த மொழியும் அவர்களுக்கு உண்டு. ஜூன் 23 இரவு சான் ஜுவான் திருநாளுக்காக வீட்டு வாசல்களில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஜூன் 29ஐ ஒட்டி வருவது சான் பெத்ரோ, அதாவது மீனவர்களின் திருநாள். படகுகளை அலங்கரித்துப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். இந்த நாள்களில் போவதாக இருந்தால் அறையை வெகு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: கடப்பிதழ், வருகை அட்டை

கடப்பிதழ் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று இருவரும் பாருங்கள். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. நம்மிடையே பல வீடுகளில் ஒருவர் குடிமகன், மற்றவர் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசி. அப்படியென்றால் அந்த ஒருவர் மட்டும், மலேசியாவில் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள்வரை விசா விலக்கு இருக்கிறது. ஆனாலும் அறைக்குப் பணம் கட்டுமுன் அந்தத் துறையின் பக்கத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: பேருந்தா, காரா?

முதல்முறை என்றால் பேருந்துதான். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா சென்ட்ரல் நிலையத்துக்கு நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன, சாலை சீராக இருந்தால் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஏறியதும் பேருந்தின் எண் தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் ஒரே நிறத்தில் பத்துப் பேருந்து நிற்கும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும். மலேசியப் பக்கம் இறங்கும்போது பெட்டி, பை எல்லாவற்றையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறிய சக்கரப்பெட்டி போதும். குடிநுழைவு வரிசையில் ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி வந்தாலும், பேருந்தடிக்கு வந்து சேர்ந்தே ஏறுங்கள். தாமதமானால் ஓட்டுநர் கிளம்பிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் பதறாமல், பயணச்சீட்டைக் காட்டி அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் இடம் கேளுங்கள்.

நிலையத்திலிருந்து பழைய நகரம் சில கிலோமீட்டர்தான். 17ஆம் எண் நகரப் பேருந்து, அந்தச் சிவப்புக் கட்டடம் நிற்கும் டச்சுச் சதுக்கத்துக்குப் போகும். பெட்டி இருந்தால் கிராப் வாடகைக் கார் எடுப்பது சுலபம். சிங்கப்பூரில் நீங்கள் பயன்படுத்தும் அதே செயலி அங்கேயும் வேலை செய்யும்.

காரில்தான் போவோம் என்பவர்களுக்குச் சுருக்கமாக: மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி ஒட்டியிருக்க வேண்டும், சுங்கச்சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும், சிங்கப்பூரை விட்டுப் போகும்போது எரிபொருள் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். துவாஸ் வழியாகப் போய், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் கெரோவில் இறங்குங்கள். பழைய நகரத்தில் தெருக்கள் ஒடுங்கியவை, வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி மாலை போய்விடும்.

படி 4: அறை

ஆற்றங்கரையிலோ ஹீரென் தெருவிலோ உள்ள பழைய கடைவீடுகளில் ஒன்றைப் பிடியுங்கள். வாசலில் ஒடுங்கி, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே செல்லும் வீடுகள் அவை. நடுவில் வானம் தெரியும் முற்றம் இருக்கும், செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், மின்தூக்கி இருக்காது. முழங்கால் வலி உள்ளவர் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள். ஜோங்கர் தெரு மேலேயே அறை எடுத்தால் வெள்ளி இரவு தூக்கம் இருக்காது. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி.

படி 5: முதல் மாலை, குன்றின் மேல்

மதியம் வந்து சேர்ந்ததும் எங்கேயும் ஓடாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். ஐந்து மணிக்குச் செயின்ட் பால் குன்றின் மேல் ஏறுங்கள். உச்சியில் கூரையில்லாத ஒரு தேவாலயம் நிற்கிறது. 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயத்தில் தொடங்கியது அது. உட்சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலான கல்லறைப் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: குடும்பச் சின்னங்கள், பாய்மரக் கப்பல்காரர்களின் பெயர்கள், ஆழமாக வெட்டிய எழுத்துகள். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, பகலில் தெரியாத வரிகள்கூட நிழல் கட்டி மேலெழும்பும். நடுப்பகலில் வருகிறவர்களுக்கு அது வெறும் கறுப்புக் கல்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன் 1553இல் சில மாதம் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. முன்னால் நிற்கும் அவருடைய வெண்சிலைக்கு வலக்கை கிடையாது. மரம் விழுந்து உடைந்தது என்கிறார்கள்.

மறுபக்கம் இறங்கினால் அடிவாரத்தில் சந்தியாகு வாயில். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் ஊரைப் பிடித்தபின் எழுந்த ஆ ஃபமோசா கோட்டையில் மிஞ்சிய வாயில் இது. 1641இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இதைப் புதுப்பித்தார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் 1670 என்ற ஆண்டும் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் தெரியும். கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1807இல் அந்த வேலையைச் செய்து முடித்த வில்லியம் ஃபார்க்குவார்தான் பிற்பாடு சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட், அதாவது ஆங்கிலேய நிர்வாகி, ஆனார். அப்போது இந்த ஊரில் சிறுவனாக இருந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, யானை அளவு கற்களெல்லாம் பறந்து கடலில் விழுந்தன என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடலா, இங்கே எங்கே கடல் என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் கடல் இந்தக் குன்றின் அடிவரை இருந்தது. இன்று எதிரே தெரியும் கடைத்தொகுதிகள் நிற்பது கடலைத் தூர்த்த நிலத்தில்.

படி 6: இரண்டாம் நாள் காலை, நம் ஆள்களின் மலாக்கா

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏழரைக்கெல்லாம் வெளியே வாருங்கள். துக்காங் எமாஸ் சாலையில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். டச்சுக்காரர் காலத்தில், 1781இல், மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. அதே வரிசையில் சில அடி தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். கூம்பு அடுக்குக் கூரையும், சீனக் கோபுரம் மாதிரி எழும் மினாரும் உள்ள பள்ளிவாசல் அது. இன்னும் கொஞ்சம் நடந்தால் 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீன ஆலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டு வந்தால் மூன்றுக்குள்ளும் போகலாம். அந்த நேரத்தில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் ஒரே தெருவில் கலந்து மணக்கும், கூட்டமும் இருக்காது.

அங்கிருந்து கிராப் பிடித்து காஜா பேராங்குக்குப் போங்கள். மலாக்காச் செட்டிகளின் ஊர் அது. சுல்தான்கள் காலத்திலேயே தமிழ்க் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் பரம்பரை. வீட்டில் பேசுவது மலாய், வழிபடுவது மாரியம்மனை. பெண்கள் விசேஷங்களுக்கு மலாய்ப் பெண்களைப் போல் சாரோங் கெபாயா உடுத்துவார்கள், வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும், பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றோ நாயக்கர் என்றோ இருக்கும். 1822இல் அமைந்த முத்துமாரியம்மன் கோயிலும் ஒரு சிறிய செட்டி அருங்காட்சியகமும் இங்கே உண்டு. இது மக்கள் குடியிருக்கும் இடம். வீடுகளை எட்டிப் பார்த்துப் படம் எடுக்காமல், யாராவது வாசலில் இருந்தால் வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டு எடுங்கள். தமிழ் வரவில்லையே என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். ஐந்து நூற்றாண்டுக்கு மேல், மொழி போன பிறகும், மாரியம்மனையும் பொங்கலையும் விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள். நின்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் எனக்கு.

ஒரு காலத்தில் இந்த ஊரில் தமிழுக்கு இருந்த இடமும் தெரிந்திருக்கட்டும். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது மலாக்காவில் முன்னோர் காலத்து வழக்கம் என்றும், தம் தந்தை தம்மையும் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார் என்றும் அதே முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார். கிளம்புமுன் சிங்கப்பூர்த் தேக்காவில் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால், நம் மக்கள் கடல் கடந்து வந்த கதை முன்கூட்டியே கொஞ்சம் பிடிபட்டுவிடும்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஏர்கானைப் போட்டு நான்கு மணிவரை வெளியே வராதீர்கள்.

படி 7: கடலைத் தேடிப் போவது

மலாக்கா கடற்கரை ஊர்தான். ஆனால் குளிக்கும் கடல் அல்ல, நீர் கலங்கலாக இருக்கும். நீந்த வேண்டும் என்றால் போர்ட் டிக்சனுக்கோ டெசாருவுக்கோ தனியாகத் திட்டம் போடுங்கள். இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், அதற்கு இரண்டு நல்ல இடங்கள். ஒன்று, செயற்கைத் தீவான புலாவ் மலாக்காவின் விளிம்பில் 2006இல் திறந்த நீரிணைப் பள்ளிவாசல். தூண்கள் மேல் நிற்பதால், அலை ஏறியிருக்கும்போது நீரில் மிதப்பதாகத் தோன்றும். ஜூனில் ஏழே காலுக்கு மேல் சூரியன் இறங்கும், ஆறரைக்கே போய்விடுங்கள். ஓத நேரத்தை அன்று காலையே இணையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வற்றிய நேரம் என்றால் சேறுதான் தெரியும். மற்றது போர்த்துகீசியக் குடியிருப்பின் சதுக்கம். கடலோரம் மேசை போட்டு மீனும் நண்டும் பரிமாறும் கடைகள் இருக்கின்றன. எடை போடுமுன் விலையைக் கேளுங்கள்.

படி 8: சாப்பாடும் சந்தையும்

கோழிச்சோற்று உருண்டைக்காக வெயிலில் வரிசை நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நேரத்துக்கு நியோன்யா லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்சும், ஆசாம் பெடாஸ் என்ற புளிப்புக் காரக் குழம்பு மீனும் சாப்பிடலாம். செண்டோல் மட்டும் கட்டாயம். சீவிய ஐஸ் மேல் பச்சை நூல்கள், தேங்காய்ப்பால், அதன்மேல் கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகைக் கரண்டியில் ஊற்றுவார்கள். கலக்காமல் முதலில் பாகை மட்டும் தொட்டு நக்கிப் பாருங்கள். லேசான புகை மணமும் கொஞ்சம் உப்புச் சாயலும் இருந்தால் நல்ல கடை. சைவச் சாப்பாடு வேண்டுமானால் பெண்டஹாரா சாலைப் பக்கம் உள்ள லிட்டில் இந்தியாவில் வாழையிலைக் கடைகள் உண்டு.

வெள்ளி இரவு சந்தைக்குள் எட்டு மணிக்கு மேல் நுழைந்தால் தோளோடு தோள் உரசும். ஆறரைக்குக் கடலைப் பார்ப்பதா, சந்தைக்குப் போவதா என்ற சிக்கல் வரும். கடலையே பாருங்கள். சந்தையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஒருமுறை நடந்துவிட்டு, ஆற்றோரம் வந்து உட்கார்ந்துவிடலாம். சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும்.

படி 9: திரும்புதல்

சனி காலை கூலா மலாக்கா வாங்குங்கள். உருளையாக, இலையிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றியிருக்கும். நகத்தால் கீறினால் உதிர்வது நல்ல வெல்லம், கல் மாதிரி இருந்தால் வெள்ளைச் சர்க்கரை அதிகம் கலந்தது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆளுக்கு 500 சிங்கப்பூர் வெள்ளிவரை வாங்கிய பொருளுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டாம், அதற்குக் குறைவான நேரம் என்றால் 100 வெள்ளிதான். வியாழன் விடியற்காலை கடற்பாலத்தைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வந்துவிடும். மலேசியாவிலிருந்து வரும்போது மதுபானத்துக்கும் சிகரெட்டுக்கும் சலுகை கிடையாது. மதியம் ஒரு மணிப் பேருந்துக்கு முன்பே இடம் பதிவு செய்து வைத்திருங்கள், சனிக்கிழமை நிலையத்துக்குப் போய்ச் சீட்டுக் கேட்டால் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்காது.