சிங்கப்பூர் வீடுகளுக்கு ஏற்ற ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு இறுதியோடு அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, வசந்தம் உள்ளிட்ட இலவச ஒளிவழிகள் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கு மாறிவிட்டதால், ஆன்டெனா வாங்குமுன் உங்கள் தொலைக்காட்சியிலோ செட்டாப் பெட்டியிலோ அந்த ஒளிபரப்பைப் பிடித்துக் காட்டும் ட்யூனர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் ‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று அச்சிட்டிருப்பது விற்பனைக்கான சொல்லே. ஆன்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற பேதம் கிடையாது. இங்கு ஒளிபரப்பு யுஎச்எஃப் எனும் உயர் அதிர்வெண் அலைவரிசையில் வருகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்பதால், நீண்ட இரட்டைக் கம்பிகள் வேண்டியதில்லை, சன்னலோரம் ஒட்டக்கூடிய தட்டையான சிறிய ஆன்டெனாவே பெரும்பாலும் போதும்.

பலரும் சறுக்குவது, சமிக்ஞையை வலுவாக்க ஆன்டெனாவோடு சேர்க்கும் பெருக்கியில்தான். பெருக்கி, வரும் சமிக்ஞையோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குவதோடு, சமிக்ஞை ஏற்கெனவே வலுவாக உள்ள வீட்டில் ட்யூனரைத் திணறடித்துப் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்தும் விடும். ஆகவே, முதலில் பெருக்கி இல்லாததை, திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்கிச் சோதியுங்கள்.

கான்கிரீட் சுவரும் இரும்புக் கம்பிச் சன்னலும் அலையைத் தடுப்பதால், கம்பிவடம் சன்னல்வரை எட்டும் நீளம் கொண்டதாக இருக்கட்டும். ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தினாலே பலன் மாறும். இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒளிவழிகளை மீண்டும் தேடச் செய்யுங்கள்.