நாள் தாண்டினால் வலி வரவழைக்கலாமா? முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் லேபர் வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் கேஸ் ஷீட்டில் இருந்த டியூ டேட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அடிக்கிறே?"

"நேத்து எடுத்த ஸ்கேன்ல பத்து நாள் முன்னாடி காட்டுது மேடம். அப்படிப் பார்த்தா 41 வாரம் ஆயிடுச்சு. இன்னைக்கே வலி வர ஜெல் வச்சிரலாமா?"

இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். அதே துறுதுறுப்பு, அதே நீல மசிப் பேனா. என்னை நிறுத்த அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை.

செக்கப்பைத் தவறவிடுவது, ரிப்போர்ட்டைத் தொலைப்பது எல்லாம் தவறு என்று சொல்ல ஒரு டாக்டர் தேவையில்லை. விவரம் தெரிந்தவர்களே போய் விழுகிற குழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நாள் தாண்டிவிட்டதே என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகளுக்கும் சேர்த்துத்தான்.

தேதியைச் சரிபார்க்காமல் பேச்சைத் தொடங்குவது

வலி வரவழைக்கலாமா, காத்திருக்கலாமா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் "நாள் தாண்டிவிட்டது என்று யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார்கள்" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

டியூ டேட் போடும் பழைய கணக்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் நேகலேயின் பெயரில் இருக்கிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் சுமார் 280 நாள். அந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி, பதினான்காம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று எடுத்துக்கொள்கிறது. 40 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்குக் கருத்தரிப்பதே ஏறக்குறைய 12 நாள் தள்ளித்தான் நடக்கும். காலண்டருக்கு அது தெரியாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அன்று என்னிடம் வந்தவர் அப்படிப்பட்டவர். கடைசி மாதவிடாய் ஜனவரி 10. கணக்குப்படி டியூ டேட் அக்டோபர் 17. அக்டோபர் 24 அன்று காலையில் வந்தார்; வலி இல்லை. 41 வாரம் சரியாக முடிந்திருக்கிறது என்று எழுதினேன். முந்தைய வாரம் எடுத்த ஸ்கேனும் ஏறக்குறைய அதே தேதியைக் காட்டியதால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஜெல் வைத்தோம். கர்ப்பப்பை வாய் கல் மாதிரி இருந்தது. மறுபடி ஜெல். மறுநாள் பனிக்குடத்தை உடைத்து, வலி வரவழைக்கும் மருந்தை ட்ரிப்பில் போட்டோம். ஆறு மணி நேரத்தில் பொறுமை போய்விட்டது. இன்டக்ஷன் (வலி வரவழைத்தல்) ஃபெயில் என்று எழுதி சிசேரியன் செய்தோம்.

குழந்தை நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும்போதுதான் ஃபைலின் கடைசிப் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் கிடைத்தது. மார்ச் 20 அன்று எடுத்த முதல் ஸ்கேன். அச்சு பாதி மங்கியிருந்தாலும் எண் தெரிந்தது: 8 வாரம் 1 நாள். மாதவிடாய்க் கணக்கில் அன்று 9 வாரம் 6 நாள் இருந்திருக்க வேண்டும். 12 நாள் வித்தியாசம். உண்மையான டியூ டேட் அக்டோபர் 29. நாங்கள் முதல் ஜெல் வைத்த அன்று அவருக்கு 39 வாரம் 2 நாள்தான். தாண்டாத நாளுக்காக அவர் வயிற்றில் ஒரு தழும்பு. அடுத்த பிரசவத்தில் "முதல் பிள்ளை எப்படி?" என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் மூன்று மாதத்து ஸ்கேனை ஏன் இவ்வளவு நம்புகிறோம்? அப்போது எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. தலையுச்சியிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளந்தால் ஐந்து முதல் ஏழு நாளுக்குள் வயது சொல்லிவிடலாம். போகப்போகப் பிள்ளைகள் தத்தம் வழியில் வளர்கின்றன. அப்பா அம்மாவின் உடல்வாகு, நஞ்சுக்கொடியின் பலம், சர்க்கரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கடைசி மூன்று மாதத்து ஸ்கேன் சொல்லும் வயது மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகும். அது பிள்ளையின் எடையைச் சொல்கிற ஸ்கேன். பிறந்தநாளைக் குறிக்க அதைக் கேட்கக் கூடாது.

அதனால் விதி ஒன்றே. 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கோடு 5 நாளுக்கு மேல் மாறினால், அல்லது 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்தது 7 நாளுக்கு மேல் மாறினால், ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் மாறினால் மாதவிடாய்த் தேதியே நிற்கும். ஒருமுறை முடிவு செய்த பிறகு எந்த ஸ்கேன் வந்தாலும் தொடக் கூடாது. ஐவிஎஃப் கர்ப்பம் என்றால் கரு வைத்த தேதியிலிருந்தே கணக்கு. அதில் பேச்சே இல்லை.

இதே தவறு மறுபக்கமாகவும் நடக்கும். அது இன்னும் பயங்கரம். 34 வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் பிள்ளை 31 வார அளவில் இருக்கிறது. "ஓ, தேதி தப்பு போல" என்று டியூ டேட்டை மூன்று வாரம் தள்ளி எழுதிவிடுவார்கள். முதல் ஸ்கேன் சரியாக இருந்தால் தேதியில் தப்பில்லை, பிள்ளைதான் வளரவில்லை. நஞ்சுக்கொடி திணறுகிறது என்று அந்த ஸ்கேன் கத்திச் சொல்கிறது, நாமோ பேனாவால் அதன் வாயை அடைக்கிறோம். அப்படி ஒரு கேஸை எங்கள் வார்டில் பிடித்தது டாக்டர் யாரும் இல்லை. தேதி அடித்துத் திருத்தப்பட்டிருப்பதைப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு ரெண்டு டியூ டேட் இருக்கே டாக்டர்" என்று ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த ஒரு நைட் டியூட்டி சிஸ்டர்.

இதற்குள்ளேயே இன்னொரு சின்ன வழுக்கல் உண்டு, நம் பேச்சில் அடிக்கடி வருவது. "41ஆவது வாரம் நடக்குது" என்பதும் "41 வாரம் முடிஞ்சிருச்சு" என்பதும் ஒன்றல்ல. 41ஆவது வாரம் நடக்கிறது என்றால் 40 வாரமும் சில நாளும். போனில் ஒருவர் ஒன்றைச் சொல்ல, இன்னொருவர் மற்றதை எழுதிக்கொள்ள, ஒரு வாரம் காணாமல் போகும். வாரத்தோடு நாளையும் சேர்த்தே சொல்லுங்கள்: 40 வாரம் 4 நாள், 41 வாரம் 0 நாள்.

உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் முடிந்தது உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத்தான் வலி வரவழைக்கப் பரிந்துரைக்கிறது. "உறுதியாக" என்ற சொல்லைத் தாண்டிப் படித்துவிடுகிறோம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஸ்கேன் காகிதத்தை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழவழப்பான காகிதத்தில் அச்சு நாளடைவில் வெளுத்துவிடும்.

கர்ப்பப்பை வாயைப் பார்க்காமல் நாள் குறிப்பது

தேதி உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, வாய் தயாரா? பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் கொடுத்த மதிப்பெண் முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மெதுமை, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயம், மொத்தம் 13 மதிப்பெண். 8க்கு மேல் என்றால் பனிக்குடம் உடைத்து ட்ரிப் போட்டாலே போதும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும்: ஜெல், மாத்திரை, அல்லது உள்ளே வைத்து 30 முதல் 60 மில்லி தண்ணீர் ஏற்றும் பலூன் குழாய்.

மெதுமையைப் பயிற்சி டாக்டர்களுக்கு இப்படித்தான் சொல்லித் தருவோம். உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அது இன்னும் தயாராகாத வாய். உதட்டைத் தொடுங்கள், அது தயாரான வாய்.

தம்பதிகள் கேட்க வேண்டியது இதை: "என் பிஷப் ஸ்கோர் எவ்வளவு? அதற்காக எந்த முறை?" இந்த இரண்டுக்கும் பதில் வராமல் அட்மிட் ஆகும் நாளை மட்டும் சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.

இன்று வைத்தால் இன்றே பிறக்கும் என்று நினைப்பது

பிறக்காது. முதல் பிரசவம், வாயும் பழுக்கவில்லை என்றால் ஒன்றரை நாள், இரண்டு நாள் சாதாரணம். வீட்டில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலை ஜெல் வைத்தால் மாலைக்குள் இனிப்பு வாங்கத் தயாராக வெளியே நிற்பார்கள். ராத்திரி ஆனதும் "ஏன் இன்னும் ஒண்ணும் ஆகல?" என்று ஆரம்பிக்கும். அந்தக் கேள்வி வார்டுக்குள் வந்து டாக்டரின் பொறுமையையும் தின்னும்.

தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து ட்ரிப் ஓட ஆரம்பித்து 12 முதல் 18 மணி நேரம் பார்க்காமல் "ஃபெயில்" என்று எழுதக் கூடாது. நான் எழுதியது ஆறாவது மணி நேரத்தில்.

39 வாரத்தில் வலி வரவழைத்தாலும் சிசேரியன் கூடவில்லையே, குறைந்தது அல்லவா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னது 2018இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வு. முதல் பிரசவக்காரர்கள் 6000க்கு மேற்பட்டவர்கள். வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் சிசேரியன். நான் மறுக்கவில்லை. அங்கே தேதி ஆரம்ப ஸ்கேனால் உறுதியானது, காத்திருக்கும் மணிக்கும் கணக்கு இருந்தது. எங்கள் வார்டில் அன்று இரண்டும் இல்லை.

எண்ணைப் பாதி மட்டும் சொல்வது

"42 வாரம் போனா ஆபத்து பல மடங்கு" என்று ஒருவர் பயமுறுத்துவார். "அந்தக் காலத்தில் பத்து மாதம் தாண்டிப் பிறக்கலையா" என்று இன்னொருவர் தேற்றுவார். இருவரும் பாதி எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

முழு எண் இது. 2020இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளை, 21,000க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. மாதம் நிறைந்தபின் வலி வரவழைத்தால் குழந்தை இறப்பு குறைகிறது. ஏறக்குறைய 544 பேருக்கு வலி வரவழைத்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்படுகிறது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வை 2018இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்தவர்கள் பக்கம் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன, மறுபக்கம் ஒன்றுமில்லை. 544இல் ஒன்று என்பது சிலருக்குச் சின்ன எண், சிலருக்குத் தூக்கம் கெடுக்கும் எண். அதை எடைபோட வேண்டியவர் அந்தப் பெண். நம் வேலை எண்ணை முழுதாக அவர் கையில் கொடுப்பது. நானாக இருந்தால் 41 வாரம் முடிந்ததும் ஒத்துக்கொள்வேன். கேட்பவர்களிடம் அதையும் மறைப்பதில்லை.

மாத்திரையை பிளேடால் நறுக்குவது

இது வார்டில் இருப்பவர்களுக்கு. வலி வரவழைக்கும் மிஸோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரையை எட்டாக நறுக்கினால் எட்டுத் துண்டும் 25 ஆகாது. ஒன்று 15, ஒன்று 40. பத்து நிமிஷத்தில் ஐந்துக்கு மேல் வலி எடுத்துப் பிள்ளையின் துடிப்பு இறங்கும்போது எந்தத் துண்டு போனது என்று யாருக்கும் தெரியாது. 25 மைக்ரோகிராம் மாத்திரை இல்லையென்றால் முழு மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து 25 மில்லி கொடுங்கள்.

முந்தைய சிசேரியனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

தழும்புள்ள கர்ப்பப்பைக்கு மிஸோப்ரோஸ்டால் கூடவே கூடாது. கிழிந்துவிடலாம்.

விளக்கெண்ணெய்

வேண்டாம். வயிற்றுப்போக்கு நிச்சயம், பிரசவ வலி நிச்சயமில்லை.

அசைவு குறைந்ததைக் காத்திருப்பில் சேர்ப்பது

கடைசி வாரங்களில் இடமில்லாததால் பிள்ளை அசையாது என்பது பொய். அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்தால் அன்றே, அந்த மணியே கிளம்புங்கள். நாளை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது என்று இருக்க வேண்டாம்.

வேண்டாம் என்றவரை வெறுங்கையோடு அனுப்புவது

"காத்திருக்கிறோம்" என்று ஒரு தம்பதி சொன்னால் சில டாக்டர்களுக்கு முகம் சுருங்கும். "அப்போ வலி வந்ததும் வாங்க" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். காத்திருப்புக்கும் ஒரு அட்டவணை வேண்டும். வாரம் இரண்டு முறை பிள்ளையின் துடிப்பைப் பதிவு செய்யும் சிடிஜி, பனிக்குட நீரின் அளவு, தினமும் அசைவைக் கவனித்தல், எந்த நாளுக்கு மேல் காத்திருக்கப் போவதில்லை என்று எழுதிய ஒரு தேதி.

போன மாதம் ஒருவர் 41 வாரம் முடிந்தும் காத்திருக்கிறேன் என்றார். அட்டவணையை எழுதிக் கொடுத்தேன். 41 வாரம் 3 நாளில் ஸ்கேன் எடுத்தபோது எந்த இடத்திலும் நீர் இரண்டு சென்டிமீட்டர் ஆழம்கூட இல்லை. அவரே என்னைப் பார்த்து, "இப்போ வச்சிரலாம் மேடம்" என்றார். முதல் ஸ்கேன் தேதியை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, பலூனை எடுத்து வரச் சொன்னேன்.