திட்டமிடல் படித்தவர் கவுன்சிலுக்குப் போனால், வீட்டுப் பிரச்சினையில் எங்கே கை வைப்பது?

நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, அறிக்கை மேல் அறிக்கை எழுதி அலுத்துப்போய், இனி தேர்தலில் நின்றால்தான் ஏதாவது நடக்கும் என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்படி ஒருவர் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கும் இது உதவும். உதாரணத்துக்கு நியூயார்க்கின் பிராட் லேண்டரை எடுத்துக்கொள்கிறேன். 2010 முதல் 2021 வரை புரூக்ளினின் 39-வது தொகுதி கவுன்சிலர், அப்புறம் 2025 வரை நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி. அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை, ஆனால் எந்தக் கருவியை எப்போது கையில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய வேலையில் தெளிவாகத் தெரிகிறது.

முதல் விஷயம், நிற்பதற்கு முன்னால் வீடு கட்டும் வேலையில் இருங்கள். லேண்டர் 1993 முதல் பத்து வருடம் ஃபிஃப்த் அவென்யூ கமிட்டி என்ற அமைப்பை நடத்தினார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு ஏற்பாடு செய்யும் லாபநோக்கற்ற அமைப்பு அது. பிறகு பிராட் (Pratt) மையம் என்ற சமூக மேம்பாட்டு அமைப்பில் திட்டமிடல் வேலை. ஒரு கட்டடத்துக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது, வாடகை வராத மாதம் பழுதுபார்க்கும் செலவை எங்கிருந்து எடுப்பது, இதெல்லாம் தெரியாமல் கவுன்சிலில் போய் உட்கார்ந்தால் பில்டரின் வக்கீல் சொல்கிற கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது, விதியைப் படிக்கும்போது ஏழைகளுக்கான வீடு கட்டாயமா, பில்டரின் விருப்பமா என்று பாருங்கள். 2003-இல் புரூக்ளினின் நான்காவது அவென்யூவில் உயரமான அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். குறைந்த வாடகை வீடு ஒன்றுகூடக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தெருவோரமாகக் கடைக்குப் பதில் கார் நிறுத்தும் இடமும் வெறும் சுவரும் காற்றுத் துவாரமும் வந்தன. 2005-இல் கிரீன்பாயிண்ட், வில்லியம்ஸ்பர்க் பகுதிகளில் குறைந்த வாடகை வீடு கட்டினால் கூடுதல் தளம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். 2016-இல்தான், நகரம் எங்கெல்லாம் பெரிய அளவில் கூடுதல் வீடு கட்ட அனுமதி தருகிறதோ அங்கெல்லாம் ஒரு பங்கு கட்டாயம் என்று சட்டம் வந்தது. முதல் அனுமதிக்கும் கட்டாயத்துக்கும் நடுவில் போன 13 வருடத்தில் எழும்பிய கட்டடங்களிடம் இனி எதையும் கேட்க முடியாது. நிலத்தின் மதிப்பைக் கூட்டும் அனுமதி உங்கள் கையைவிட்டுப் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பது அதனால்தான்.

சரி, குறைந்த வாடகை என்றால் யாருக்குக் குறைவு? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அந்த 2016 சட்டத்தின் ஒரு பிரிவு, தளப்பரப்பில் 25 சதவீதத்தை, வட்டார நடுத்தர வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலேயும் பாதி கீழேயும் சம்பாதிக்கும் தொகை) சராசரியாக 60 சதவீதம் சம்பாதிக்கிறவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நடுத்தர வருமானத்தை மத்திய அரசு கணக்கிடும்போது நகரத்துக்கு வெளியே இருக்கும் பகுதியையும் சேர்த்துக்கொள்கிறது, ஏழைப் பேட்டையின் வருமானம் அதைவிட ரொம்பக் கீழே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: உங்கள் வார்டில் வீட்டுவேலை செய்கிறவர், காவலாளி, கடை ஊழியர் என நாலைந்து குடும்பங்களின் மாத வருமானத்தைக் கேட்டு எழுதி, வாடகைக்குத் தாங்கக்கூடியது என்று அதில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டு, அறிவிக்கப்பட்ட வாடகையோடு ஒப்பிடுங்கள். பொதுக்கூட்டத்தில் அந்த ஒரு தாளை எடுத்து வைத்தால் போதும், சதவீதப் பேச்சு அடங்கிவிடும்.

பேரம் பேசும் முறைக்கு கோவானஸ் நல்ல பாடம். அது புரூக்ளினில் கால்வாயோரத்துப் பழைய தொழிற்சாலைப் பகுதி, சுற்றிலும் வசதியான வெள்ளையர் குடியிருப்புகள். நகர நிர்வாகம் வழக்கமாக ஈஸ்ட் நியூயார்க் மாதிரி ஏழைப் பகுதிகளைத்தான் அடர்த்தியாக்கும். வசதியானவர்கள் இருக்கும் இடம் ஏன் பங்கு எடுக்கக் கூடாது என்று கேட்டதுதான் லேண்டர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. 2013-இலேயே மக்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார்கள், 2021 நவம்பரில்தான் கவுன்சில் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 8,500 வீடுகள், அதில் ஏறக்குறைய 3,000 குறைந்த வாடகைக்கு.

ஆனால் அங்கே ஏற்கெனவே கோவானஸ் ஹவுசஸ், வைக்காஃப் கார்டன்ஸ் என்று அரசுக் குடியிருப்புகள் இருந்தன. பக்கத்தில் புதுக் கோபுரம் எழும்பும், எங்கள் கூரை ஒழுகிக்கொண்டே இருக்குமா என்று அந்த மக்கள் கேட்டார்கள், அந்தக் கேள்வியை விடவும் இல்லை. கடைசியில் அந்த இரண்டு குடியிருப்புகளைப் பழுதுபார்க்க 20 கோடி டாலர் ஒதுக்கிய பிறகுதான் திட்டம் நிறைவேறியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பழைய குடியிருப்பாளர்களின் கோரிக்கையைத் தனித் திட்டமாகப் பின்னால் பார்க்கலாம் என்று ஒதுக்காதீர்கள், ஓட்டெடுப்புக்கு முன் அதே ஒப்பந்தத்தில், தொகையோடு, எழுத்தில் வாங்குங்கள்.

புது வீடு கட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இருக்கிற குடித்தனக்காரர்கள் காலியாகிவிடுவார்கள். குறைந்த வாடகைக்கு இருப்பவரைத் துரத்த வீட்டு ஓனர் நேரடியாகப் போ என்று சொல்வதில்லை. பனிக்காலத்தில் ஹீட்டர் பழுதாகிறது, வெந்நீர் நிற்கிறது, மேல்மாடியில் இடிக்கிறேன் என்று மாதக்கணக்கில் தூசி கொட்டுகிறது. 2017-இல் லேண்டர் கொண்டுவந்த சட்டம் இதை நன்றாகப் பிடித்தது: குறிப்பிட்ட கட்டடங்களை இடிக்கவோ பெரிதாக மாற்றவோ அனுமதி வேண்டுமானால், குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்யவில்லை என்ற சான்றிதழை ஓனர் முதலில் வாங்க வேண்டும். தொந்தரவு செய்து காலி பண்ணுவதில் இருக்கும் லாபத்தையே அது அடிக்கிறது. அபராதம் மட்டும் போட்டால் அதையும் கட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், அனுமதியை நிறுத்தினால்தான் வலிக்கும்.

வார்டு நிதியை மக்களே முடிவு செய்ய விடுங்கள். 2011-இல் நான்கு கவுன்சிலர்கள், லேண்டரும் ஒருவர், ஆளுக்குக் குறைந்தது பத்து லட்சம் டாலரை இப்படி ஓட்டுக்கு விட்டார்கள், குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம். பள்ளிக் கழிப்பறையைச் சரிசெய்வது மாதிரி வேலைகள் மேலே வந்தன. பணம் சின்னது, வீட்டுப் பிரச்சினை இதில் தீராது. ஆனால் நாளைக்கு ரீஸோனிங் (எந்த இடத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியை மாற்றுவது) கூட்டத்துக்கு வந்து பேசப்போகிறவர்கள் இங்கேதான் பழகுகிறார்கள்.

அப்புறம், உங்கள் ஒப்பந்தம் வேறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கோவானஸ் கணக்கு புது வாடகைக் கட்டடங்களுக்கு மாநில அரசு கொடுத்த 421-ஏ என்ற சொத்துவரிச் சலுகையை நம்பி இருந்தது, அது 2022 ஜூனில் காலாவதியானதும் பல கட்டடங்கள் நின்றுபோயின, அடுத்த வருடம் மாநில அரசு தனி ஏற்பாடு செய்த பிறகே நகர்ந்தன. அதேபோல உள்ளூர் கவுன்சிலர் சொல்வதை மற்றவர்கள் ஏற்பது என்ற எழுதப்படாத வழக்கம்தான் லேண்டருக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. அதே வழக்கத்தை வைத்துப் பல பணக்காரப் பகுதிகள் ஒரு வீடும் வரவிடாமல் தடுத்ததும் உண்மை. 2025 நவம்பரில் நியூயார்க் வாக்காளர்கள் அதைத் தளர்த்தினார்கள், குறைந்த வாடகை வீட்டுத் திட்டத்தைக் கவுன்சில் நிராகரித்தால் இனி மேல்முறையீட்டுக் குழு மாற்றலாம். இனி வரும் கவுன்சிலர் இப்படிப்பட்ட திட்டத்தில் 'ஒப்புதல் தரமாட்டேன்' என்று சொல்லி மட்டும் பேரம் பேச முடியாது, ஆரம்பத்திலேயே போய் உட்கார வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எந்தத் துறை, எந்த வருட பட்ஜெட் என்று எழுதி ஒரு கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள், அதில் அரசுக் குடியிருப்பு மக்களுக்கு இடம் இருக்கட்டும், ஏனென்றால் உங்கள் பதவிக்காலம் முடிந்த பிறகுதான் முதல் அஸ்திவாரமே போடுவார்கள்.